கைக்கும் ஒரு முள்

கருவி ஒன்று சொல்கிறது, கை வேறொன்று சொல்கிறது. உயிர் போகக்கூடிய இடத்தில் நிற்கிற மனிதன் இரண்டில் எதைக் கேட்க வேண்டும்?

சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நர்ஸாக இருந்த ஞானதீபம் இதைக் கேட்டபோது, இதை எழுதுகிறவன் பள்ளி இறுதி வகுப்பை அப்போதுதான் முடித்திருந்தான். கருவியைத்தான் என்று சொல்ல வாய் வந்தது. பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தது. ஆனால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும், அது பரீட்சையில் வருகிற கேள்வி இல்லை என்று தெரிந்தது.

அந்தக் கேள்விக்குப் பதிலை அவர் எப்படிக் கண்டடைந்தார் என்பதுதான் இந்தக் கதை.

ஞானதீபம் கிறிஸ்தவ சபை ஒன்றில் ஊழியம் செய்த ஓர் உபதேசியாரின் மகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நர்ஸ் படிப்பு முடிந்ததும் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்து, பதினோரு வருஷம் தீக்காய வார்டிலேயே இருந்தார். பட்டாசுக் கம்பெனியிலும் தீப்பெட்டிக் கம்பெனியிலும் விபத்து நடந்தால் மாட்டு வண்டியிலோ லாரியிலோ போட்டு அங்கேதான் கொண்டுவருவார்கள். ஊதா மருந்து தடவித் தடவி ஞானதீபத்தின் விரல் நகங்கள் எப்போதும் ஊதாவாகவே இருந்தன.

அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் ஒன்றைக் கவனித்தார். கட்டில்கள் எல்லா மாதமும் ஒரே மாதிரி நிறையவில்லை. சித்திரை, வைகாசியில் அனல் காற்று வீசுகிற நாட்களில் ஒரு கூட்டம் வரும். பிறகு ஐப்பசியில் முதல் மழை பிடிக்கும்போது ஒரு கூட்டம் வரும். காயம் பட்டவர்களிடம் மற்றவர்கள், "என்னப்பா செஞ்சே?" என்று கேட்டார்கள். ஞானதீபம் மட்டும், "அன்னிக்கு நாள் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"காத்து முறுமுறுன்னு இருந்துச்சும்மா" என்றார் ஒருவர். "வேட்டி காலோட ஒட்டிக்கிட்டே இருந்துச்சு" என்றார் இன்னொருவர். பட்டாசுக்கான ரசாயனக் கலவையை இந்தப் பக்கம் மருந்து என்றுதான் சொல்வார்கள். அந்த மருந்தைக் கையால் கலக்குகிறவர்களில் பதினேழு பேர் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "மருந்து கையில ஒரு மாதிரி இருந்துச்சு."

ஞானதீபம் அதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒரு மாதிரி. பதினேழு தடவை. அந்த நோட்டைப் புரட்டுகிற போதெல்லாம் அவருக்கு ஒன்று தெரிந்தது. இவர்களின் கைகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எழுந்து வெளியே வரவில்லை. வந்தால் என்ன காரணம் சொல்வது? ஒரு மாதிரி இருந்தது என்றா சொல்வது? மேஸ்திரி சிரிப்பார், கூட இருப்பவர்கள் பயந்தாங்கொள்ளி என்பார்கள். காரணம் சொல்லத் தெரியாததால் உட்கார்ந்தே இருந்தார்கள்.

அந்தக் கைகளுக்குச் சாட்சியாக ஒரு கருவி இருந்தால்? கை சொல்வதையே அதுவும் சொன்னால், எழுந்து வர யாருக்கும் கூச்சம் இருக்காதே என்று நினைத்தார்.

1958-இல் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு அந்தக் கம்பெனிக்கு வந்தார். முதலாளி ரத்தினசாமி நல்லவர், ஆனால் சந்தேகக்காரர். நர்ஸ் வைத்துக்கொள்ளச் சம்மதித்தவர், கருவி என்றதும் நெற்றியைச் சுருக்கினார்.

"வெளிநாட்டுச் சாமானா?"

"இல்ல முதலாளி. ஒரு தலைமுடி போதும்."

"தலைமுடியா?"

பள்ளியில் படிக்கும்போது விஞ்ஞான வகுப்பில் அவர் பார்த்த சங்கதி அது. காற்றில் ஈரம் ஏறினால் மனிதத் தலைமுடி மயிரிழை அளவுக்கு நீளும். காற்று வறண்டால் சுருங்கும். முடியின் ஒரு நுனியை மேலே கட்டி, மறு நுனியைச் சின்ன அச்சில் சுற்றி, அச்சில் ஒரு முள்ளைப் பொருத்தினால், அந்தச் சிறு நீட்சியும் சுருக்கமும் கண்ணுக்குத் தெரிகிற பெரிய அசைவாகிவிடும். சாத்தூர்க் கடிகாரக்காரர் ஒருவர் பழைய கடிகாரத்தின் அச்சையும் முள்ளையும் கொடுத்து, கண்ணாடி போட்ட பெட்டி ஒன்றும் செய்து தந்தார். முடி ஞானதீபத்தினுடையது. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி அவருக்கு. அதில் ஒன்றை எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாதபடி ஸ்பிரிட்டில் கழுவிக் கட்டினார்.

மருந்துக் கொட்டகைக்கு எதிரே, பத்தடி தள்ளி, ஒரு கம்பம் நட்டு அதன் மேல் சின்னக் கூரை போட்டுப் பெட்டியை மாட்டினார்கள். கொட்டகைக்குள் மருந்து கலக்குகிறவர் செல்லப்பாண்டி. நாற்பது வயது. பக்கத்து ஊரான ஆனைக்குட்டத்துக்காரர். இருபது வருஷமாக மருந்துதான் வேலை. உடம்பில் ஒரு தழும்பு கிடையாது. அவர் வெளியே வந்து பெட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏலே கருப்பணா, இங்கன வா. நர்ஸம்மா தலைமுடி நமக்கு ஜோசியம் சொல்லப்போகுதாம்."

கருப்பணன் அவருக்கு உதவியாகக் கூட வேலை செய்கிறவன். "எம் பொண்டாட்டி முடி சோத்துல கெடந்து தினம் ஜோசியம் சொல்லுதுண்ணே" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஞானதீபமும் சிரித்துவிட்டார்.

"கேலி இருக்கட்டும் அண்ணாச்சி. முள்ளு தெரியுதா?"

"இங்கன நின்னா தெரியுது. ஆனா நான் மருந்துகிட்ட குத்தவச்சுல்ல இருப்பேன்? தலைய அம்புட்டு தூரம் தூக்கணும்னா கை நின்னுரும். உங்க முள்ளப் பாக்கவா, மருந்தப் பாக்கவா?"

ஞானதீபம் கொட்டகைக்குள் போனார். செல்லப்பாண்டி உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தார். வாசல் சட்டம் பெட்டியின் பாதியை மறைத்தது. அன்றே கம்பத்தை வெட்டிக் குட்டையாக்கினார்கள். உட்கார்ந்திருக்கிறவர் கண்ணைச் சற்றே உயர்த்தினால் போதும், முள் தெரியும்.

செல்லப்பாண்டி அந்த நர்ஸை மதிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அடுத்த வேலை, முள்ளுக்குப் பின்னால் எதை எழுதுவது என்பது. எண்கள் எழுதினால் கொட்டகையில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தாலும், எந்த எண்ணில் ஆபத்து தொடங்குகிறது என்று ஞானதீபத்துக்கே தெரியாது. அது தெரிந்தவை அந்தக் கைகள் மட்டும்தான். அதனால் வெறும் வெள்ளை அட்டையை வைத்தார். தினமும் மத்தியானம் கை கழுவிவிட்டுச் செல்லப்பாண்டி, காயத்துக்குக் கட்டுப் போடுகிற மருந்தறைப் பக்கம் வருவார். காலையிலிருந்து கைக்கு எப்படி இருந்தது என்று ஞானதீபம் கேட்பார்.

"இன்னிக்கு மருந்து பொலபொலன்னு நல்லா இருந்துச்சு."

"இன்னிக்குப் பத்து மணி வரைக்கும் சரி. பெறகு விரலோட ஒட்டப் பாத்துச்சு."

"காத்து ரொம்பக் காஞ்சு கெடக்கு நர்ஸம்மா. கைக்கு ஒண்ணும் தெரியல. ஆனா துண்ட உதறுனா சடசடங்குது."

அந்தந்த நேரத்தில் முள் எங்கே நின்றதோ, அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். எட்டு மாதம் இப்படியே போயிற்று. புள்ளிகள் மெல்ல மெல்ல மூன்று கூட்டமாகச் சேர்ந்தன. நடுவில் நல்ல நாட்கள். ஒரு பக்கம் துணி உரசினாலே பொறி பறக்கிற வறண்ட நாட்கள். மறுபக்கம் ஈர நாட்கள். அலுமினியப் பொடி சேர்ந்த மருந்தில் ஈரம் ஏறினால் அது தானாகவே உள்ளுக்குள் சூடேறும். சிவகாசியில் லேபிள் அடிக்கும் அச்சகம் ஒன்றில் சொல்லி, நடுவே பச்சை, வறட்சிக்குச் சிவப்பு, ஈரத்துக்கு நீலம் என்று அட்டை அச்சடித்து வாங்கினார். எல்லா மருந்துக்கும் ஒரே அட்டை சரிப்படவில்லை. சிலவற்றுக்கு ஈரம் ஆகாது, சிலவற்றுக்கு வறட்சி ஆகாது. ஆகவே மூன்று அட்டைகள். அன்று எந்த மருந்தோ அந்த அட்டையை முள்ளுக்குப் பின்னால் செருகிவிடுவார். சிலவற்றில் பச்சை அகலமாக இருக்கும், சிலவற்றில் ஒரு விரல் அகலம்தான்.

முள் பச்சையை விட்டு நகர்ந்தால் வேலையை நிறுத்தலாம் என்று முதலாளி உத்தரவு போட்டார். இரண்டு வருஷம் அந்தக் கொட்டகையில் சின்னத் தீ கூடப் பிடிக்கவில்லை. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். செல்லப்பாண்டி வந்தவர்களிடம், "அது வெறும் முடி இல்ல, எங்க நர்ஸம்மா முடி" என்று பெருமையடித்துக்கொண்டார்.

இந்த இரண்டு வருஷத்தில் இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. மத்தியானப் பேச்சு நின்றுபோயிற்று. அட்டைதான் அச்சாகிவிட்டதே, இனிமேல் கையைக் கேட்க என்ன இருக்கிறது?

1961-ஆம் வருஷம் ஐப்பசி பிறந்த கையோடு ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் அன்று எல்லாச் சாமான்களுக்கும் பூஜை உண்டு. சல்லடை, தராசு, மரக்கரண்டி, அச்சு, லாரி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். ஞானதீபம் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் என்பதால் அன்று லீவு எடுத்துக்கொள்வார். முந்தின வருஷங்களில் அந்தப் பெட்டி ஞாபகம் யாருக்கும் வரவில்லை. இந்த வருஷம் வந்தது. இரண்டு வருஷம் உயிரைக் காத்த கருவியை விட்டுவிட்டுக் கரண்டிக்கு மாலை போடுவதா?

"நர்ஸம்மா செய்ய மாட்டாக. அவுகளுக்காக நாம செஞ்சிருவோம்" என்றார் செல்லப்பாண்டி. முற்றம் கூட்டுகிற முருகம்மாள்தான் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒற்றை முடி வறண்டு போய்த் தொங்குவதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. தலைமுடியை யாராவது எண்ணெய் இல்லாமல் காயப்போடுவார்களா? விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயில் விரலைத் தொட்டு முடியை நீவிவிட்டாள். அச்சின் நடுவில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தாள். மூடிக் கும்பிட்டாள்.

மறுநாள் காலையில் ஞானதீபம் கண்ணாடி வழியாக அந்தச் சந்தனப் பொட்டைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. தன் முடிக்கு இந்த ஜனங்கள் கும்பிடு போட்டிருக்கிறார்கள். துடைத்துவிட வேண்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. ஆனால் வேதக்காரி வந்ததும் வராததுமாய் நம்ம சாமிப் பொட்டை அழித்துவிட்டாள் என்று அவர்கள் மனம் நோகுமே என்று தயங்கினார். முள்ளும் பச்சையில்தான் நின்றது. பெட்டியைத் திறக்காமல் போய்விட்டார். முடியில் எண்ணெய் இருப்பது அவருக்குத் தெரியாது.

எண்ணெய் பட்ட முடி ஈரத்தைச் சரியாக வாங்கவில்லை. காய்ந்த சந்தனம் அச்சைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. முள் பச்சையிலேயே நின்றது.

அடுத்த வாரம் மூன்று நாள் விட்டு விட்டுத் தூறல். தீபாவளிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. கடைசி லோடு போக வேண்டிய நேரம். மூன்றாம் நாள் காலையில் மருந்தறைக்கு வந்த ஞானதீபம், முந்தின நாள் துவைத்துக் காயப்போட்ட கட்டுத் துணிகளைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் போகவில்லை. சாப்பாட்டு டப்பாவில் மடித்து வைத்திருந்த உப்பு கசிந்து காகிதத்தை நனைத்திருந்தது. அவர் வாசலுக்கு வந்து, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பெட்டியைப் பார்த்தார். பச்சை.

பச்சைதானே என்று உள்ளே திரும்பிவிட்டார்.

ஒன்பதரை மணிக்கு வெடித்தது.

அப்போது கொட்டகைக்குள் செல்லப்பாண்டி மட்டும்தான். கருப்பணன் தண்ணீர்ப் பானையடியில் இருந்தான். காது மட்டும் ஒரு வாரம் கேட்கவில்லை. செல்லப்பாண்டியைத் தூக்கிக்கொண்டு பழைய மிஷன் ஆஸ்பத்திரிக்கே போனார்கள். ஞானதீபம் கூடவே போய், தான் பதினோரு வருஷம் நின்ற அதே வார்டில் அவர் கட்டிலருகே நின்றார். இரண்டாம் நாள் செல்லப்பாண்டிக்குப் பேச்சு வந்தது.

ஞானதீபம் பழைய கேள்வியைத்தான் கேட்டார். "அன்னிக்கு நாள் எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

"மருந்து வெதுவெதுன்னு இருந்துச்சு நர்ஸம்மா." ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார். "கருப்பணனத் தண்ணி குடிச்சிட்டு வாலேன்னு அனுப்பிட்டேன். நானும் எந்திரிக்கத்தான் பாத்தேன். முள்ளப் பாத்தேன். பச்சையில நின்னுச்சு. அப்ப நம்ம கைதான் பொய் சொல்லுதுன்னு..."

மறுநாள் விடியற்காலையில் செல்லப்பாண்டி இறந்துபோனார்.

ஞானதீபம் அடக்கம் முடிந்த கையோடு கம்பெனிக்கு வந்தார். பெட்டியின் கண்ணாடி கீறியிருந்தது, கம்பம் சாய்ந்திருந்தது, முள் பச்சையிலேயே இருந்தது. திறந்து முடியைத் தொட்டார். விரலில் எண்ணெய் ஒட்டியது. முகர்ந்து பார்த்தார். பிறகு சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். அச்சு விடுபட்டதும் முள் மெல்ல அசைந்து, பச்சையைத் தாண்டி நீலத்தின் ஓரத்தில் போய் நின்றது.

பின்னால் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. முருகம்மாள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாந்தான் தாயி தேச்சேன். காஞ்சு கெடக்கேன்னு தேச்சேன். அதனாலயா?"

இரண்டு வருஷமாக ஞானதீபம், இந்த முள்ளை எப்படிப் பார்ப்பது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. அவர்களுக்கு அது எதற்கு என்று நினைத்துவிட்டார்.

"முடியில எண்ணெ படக்கூடாதுன்னு நான் உங்கிட்ட சொன்னேனா?"

"இல்ல தாயி."

"பெறகு நீ எப்படிப் பொறுப்பாவே? போ, முகத்தக் கழுவிட்டு வா."

விசாரணைக்கு வந்த அதிகாரி சந்தனத்தைப் பற்றிக் கேட்டார். யார் வைத்தது? "எல்லாரும் சேர்ந்து கும்பிட்டாங்க. அதப் பார்த்தும் துடைக்காம விட்டது நான்" என்று ஞானதீபம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளி பெட்டியைக் கழற்றி கோடவுனில் போடச் சொன்னார். "போதும் நர்ஸம்மா. முன்ன மாதிரி அவனவன் கையப் பாத்துக்கிடட்டும்."

ஆனால் முன்பு மாதிரி இருந்தபோது அந்தக் கட்டில்கள் எப்படி நிறைந்தன என்று ஞானதீபத்துக்குத் தெரியும். தை மாதம் புதுக் கொட்டகையில் வேலை ஆரம்பிக்கும். மருந்து கலக்கப்போகிறவன் கருப்பணன். அவன் எதிரே எதை வைப்பது? முள்ளை வைத்தால் அவனும் கையை நம்பாமல் போவான். வைக்காவிட்டால், கையால் உணர முடியாத வறண்ட நாட்களில் யார் எச்சரிப்பது? அவன் உயிர் இதில்தான் இருந்தது.

மார்கழியில் ஒருநாள் ஆனைக்குட்டத்துக்குப் போனார். செல்லப்பாண்டியின் மனைவி ஆவுடைத்தாய் வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"வாங்க. பாய் அங்கன கெடக்கு, உக்காருங்க."

ஞானதீபம் உட்கார்ந்தார். எண்ணெய், சந்தனம், தான் துடைக்காமல் விட்டது, அன்று காலை உப்பு கசிந்ததைப் பார்த்தும் பெட்டியை நம்பியது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். ஆவுடைத்தாய் குனிந்தபடியே கேட்டாள்.

"மூணு நாளாச் சொன்னாக" என்றாள் கடைசியில். "ராத்திரி சாப்பிடும்போது, மருந்து ஒரு மாதிரி இருக்குடின்னாக. நாந்தான், நர்ஸம்மா பெட்டி என்ன சொல்லுதுன்னு கேட்டேன். பச்சைன்னாக. பெறகென்னன்னு கொழம்ப ஊத்துனேன்."

பசை தொட்ட விரலோடு கை நின்றது.

"ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீக. அந்தப் பெட்டியில உங்க முடிக்கு ஒரு முள்ளு வச்சிருந்தீக. எம் புருஷன் கைக்கு எங்க வச்சிருந்தீக?"

அட்டையில் இருந்த நிறங்கள் எல்லாம் அந்தக் கை சொல்லி வந்தவை. அந்தக் கைக்கு அங்கே இடமில்லாமல் போய்விட்டது. ஆவுடைத்தாய் சமாதானம் எதையும் எதிர்பார்க்கவில்லை. மறுபடி பெட்டி ஒட்டத் தொடங்கினாள்.

தை பிறந்ததும் ஞானதீபம் முதலாளி முன்னால் போய் நின்றார். கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றிய பெட்டி கையில் இருந்தது. இப்போது அதில் இரண்டு முட்கள். ஒன்று முடியோடு சேர்ந்தது. இன்னொன்று உள்ளங்கை வடிவில் தகரத்தில் வெட்டியது. அது எதோடும் சேராதது. கொட்டகைக்குள்ளிருந்து ஒரு கயிற்றை இழுத்து, மருந்து கலக்குகிறவனே அதை நகர்த்த வேண்டும். முடி முள்ளின் மேல் ஒரு சின்னத் திரை, அதை உள்ளிருந்தே விலக்க இன்னொரு கயிறு.

"இதுக்கு எதுக்குத் திரை?" என்றார் ரத்தினசாமி.

"முடி முள்ள மொதல்ல பாத்தா, கை அதையேதான் சொல்லும் முதலாளி. அண்ணாச்சிக்கு அதான் நடந்துச்சு. மணிக்கொரு தடவ கருப்பணன் மொதல்ல தன் கைய கேட்டுத் தகர முள்ள வைக்கணும். பெறகுதான் திரைய எடுக்கணும்."

"ரெண்டும் ஒத்துப்போனா?"

"ரெண்டும் பச்சைன்னா வேலை. ரெண்டும் ஆகாதுன்னா நிறுத்தம்."

"ஒத்துப்போகலேன்னா? எத நம்புறது?"

"எதையும் நம்ப வேண்டாம். எந்திரிச்சு எல்லாரும் வெளிய வந்துறணும். அன்னிக்கு யாரும் ஏன்னு கேக்கக்கூடாது. கேப்பாகளேன்னு பயந்துதான் உக்காந்தே இருக்காங்க."

முதலாளி அந்தத் தகரக் கையை விரலால் நகர்த்திப் பார்த்தார். பிறகு, "மாட்டுங்க" என்றார்.

மாட்டுவதற்கு முன்னால் ஞானதீபம் ஒரு மத்தியானம் எல்லாரையும் வேப்பமரத்தடியில் கூட்டிப் பெட்டியைத் திறந்து காட்டினார். முடியின் அருகே வாயை வைத்து ஊதினார். மூச்சின் ஈரத்துக்கு முள் நகர்ந்தது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து ஊதிப் பார்த்தார்கள். வெற்றிலை போட்டவள் ஊதியபோது, "ஏளா, முடி செவந்துரப் போகுது!" என்று ஒருத்தி கத்தினாள். மாதங்களுக்குப் பிறகு அந்த முற்றத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்பதையும் வேறொரு முடியில் தடவிக் காட்டினார். முருகம்மாள் தலை நிமிராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை ஸ்பிரிட் தொட்டு முடியைத் துடைக்கிற வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனத்தைக் கம்பத்தின் அடியில் வைத்தாள். மாலையையும் அங்கேயே போட்டாள்.

அந்தப் பூஜைக்குச் சில நாள் முன்பு, புரட்டாசியில், மேகம் மூடிய ஒரு புழுக்கமான காலை. கருப்பணன் கயிற்றை இழுத்தான். தகரக் கை பச்சையைத் தாண்டி நீலத்தில் போய் நின்றது. திரையை விலக்கினான். முடி முள் பச்சையில் இருந்தது.

கருப்பணன் எழுந்தான். "வெளிய வாங்கலே" என்றான். கொட்டகைக்குள் கூட வேலை செய்த மூன்று பேரும் அவன் பின்னால் வந்தார்கள்.

மேஸ்திரி ஓடி வந்தார். "எதுக்குலே எல்லாரும் வெளிய நிக்கீக? ஆர்டர் கெடக்கு!"

"ரெண்டும் ஒத்துப்போகல."

"ஏன்? மருந்துக்கு என்ன?"

"ஏன்னு கேக்கக்கூடாதுன்னு முதலாளி உத்தரவு" என்றான் கருப்பணன்.

வேப்பமரத்தடியில் எல்லாரும் கொட்டகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் வரை ஒன்றும் நடக்கவில்லை. அன்றைய மருந்தை யாரும் தொடவில்லை. அன்றைய வேலை போயிற்று.

முதலாளி வந்தார். முட்கள் இரண்டையும் பார்த்தார்.

"ஒண்ணும் நடக்கலையே நர்ஸம்மா?"

"நடக்கல முதலாளி."

"நடந்திருக்குமா?"

"தெரியாது."

கருப்பணன் தலையைக் குனிந்து, என்ன திட்டு விழப்போகிறதோ என்று காத்திருந்தான். "அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

ஞானதீபம் மருந்தறைக்குத் திரும்பி அந்தப் பழைய நோட்டை எடுத்தார். பதினேழு பேரின் "ஒரு மாதிரி"க்குக் கீழே பதினெட்டாவதாகச் செல்லப்பாண்டியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே கருப்பணனின் பெயரை எழுதினார். எதிரே, "வெளியே வந்துவிட்டான்" என்று எழுதினார். சாயங்காலம் ஆனைக்குட்டத்துக்கு நடந்தே போய் ஆவுடைத்தாயிடம் அதைச் சொன்னார். அவள், "சரி" என்று மட்டும் சொன்னாள். பிறகு உள்ளே போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

முதலில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கையும் கருவியும் ஒத்துப்போகாதபோது, எது சரி என்று உள்ளே உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். வெளியே வந்துவிட்டு யோசிக்கலாம்.

இதைப் படிக்கிறவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். மருந்துக் கொட்டகைக்குள் போகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். காகிதம் கையில் இல்லாவிட்டால் வாயால் சொல்லுங்கள். பெயர்கள் மறந்துபோனாலும் குற்றமில்லை. மருந்து கையில் ஒரு மாதிரி இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவரைச் சிரிக்காமல் வெளியே வரவிடுங்கள் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.